ஏழாம் மேசையின் பேராசான்

பாங்காக்
மே 6

அன்புள்ள லம்துவன் அக்காவுக்கு,

கோப் எழுதுகிறேன். இது நான் அனுப்பும் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் பதில் இல்லை. உன் வீட்டுப் பக்கத்து ஐஸ் கடைக்குத் தொலைபேசி செய்தால், "அக்கா தையல்ல இருக்காங்க, வரமாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். கோபம் பதினான்கு மாதம் நீடிக்கலாம் என்று உன்னிடம்தான் கற்றுக்கொள்கிறேன்.

ஜூன் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு எங்கள் மருத்துவக் கல்லூரியில் பேராசான் வணக்கம். உடலைத் தானமாகத் தந்தவரை இங்கே யாரும் பிணம் என்று சொல்வதில்லை. மாணவர்களுக்கு உடலின் முதல் பாடத்தைச் சொல்லித்தருபவர் என்பதால் பேராசான் என்றே அழைப்போம். அப்பா இத்தனை நாளும் மருந்துத் தொட்டியில் இருந்தார். இந்த ஆண்டு அவருக்கு ஏழாம் மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். தலைமாட்டில் 'பேராசான் சவெங்' என்று பெயர்ப்பலகை வைத்தாயிற்று. ஆறு மாணவர்கள் மல்லிகை மாலை சாத்தி, மண்டியிட்டு, அவரிடம் அனுமதி கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள்.

குடும்பத்தார் வருவது வழக்கம். நீ வரவேண்டும்.

மாணவர்களில் மேத்தினி என்று ஒரு பெண். போன வாரம் என் அறைக்கு வந்து, "சார், பேராசானுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? அவர் பேர்ல பிக்குகளுக்குப் படைக்கணும்" என்று கேட்டாள். புளிக்கவைத்த மீனைப் பொரித்தால் விரும்பிச் சாப்பிடுவார் என்று சொன்னேன். சரிதானே?

இத்துடன் நான் எழுதிய புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். 'அறவியல்: ஓர் அறிமுகம்'. எங்கள் மாணவர்களுக்கு மட்டுமில்லை, பொறியியல், பத்திரிகை, வணிகம் படிக்கிறவர்களுக்கும் பாடமாக வைத்திருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் புரட்டிப் பார்.

உன் தம்பி,
கோப்


தபான்ஹின்
மே 14

கோப்,

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் இது என்று உனக்குத் தெரியும். நூற்று நாற்பது சட்டைகளில் பிள்ளைகளின் பெயர் தைக்க வேண்டும். நடுவே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன் என்றால் எனக்கு வயிறு எவ்வளவு எரிகிறது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அப்பா இறந்த அன்று நான்கு பிக்குகள் ஓதிக்கொண்டிருக்கும்போதே உன் வண்டி வாசலில் வந்து நின்றது. ஏழு நாள் ஓதல் வைக்க வேண்டிய மனிதருக்கு ஒரே ஒரு வேளை ஓதல். "இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டுபோகணும் அக்கா" என்று கடிகாரத்தைப் பார்த்தாய். அம்மாவின் எலும்பு கோயில் மதிலில் ஒரு மாடத்தில் இருக்கிறது. பக்கத்து மாடம் இன்னும் காலி. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறவள் நான்தான்.

அப்பாவைப் பேராசான் என்கிறீர்களா! நாலாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

சாப்பாடு நீ சொன்னது தப்பு. அம்மா போன பிறகு அவர் புளித்த மீனைத் தொட்டதில்லை. அந்த வாசனை வந்தாலே எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த பூசணிக்காய்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். ஆறு வருடமாக அதுதான். உனக்கு எப்படித் தெரியும்? நீ வந்தது சொங்கிரான் புத்தாண்டுக்குப் புத்தாண்டு.

உன் புத்தகத்தைப் படித்தேன். முழுவதும் படித்தேன். நோயாளியிடம் மருத்துவர் எதை மறைக்கக் கூடாது, துக்க வீட்டில் பத்திரிகைக்காரன் எதைக் கேட்கக் கூடாது, கடைக்காரன் எதை ஒளித்து விற்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாய். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு படகு மெக்கானிக் வருகிறார். முதலாளி எவ்வளவு மிரட்டியும், "திறந்து பார்க்காம ஒரு எஞ்சினை நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகிறார். அது அப்பா. பெயரை மாற்றியிருக்கிறாய், அவ்வளவுதான். புத்தகத்தில் போடலாமா என்று அவரைக் கேட்டாயா?

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. போன வருடம் பிப்ரவரி மாதம் இந்த வீட்டிலிருந்து உனக்கு ஒரு கடிதம் வந்ததா, இல்லையா? ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. வேறு எதுவும் எழுதாதே.

லம்துவன்


பாங்காக்
மே 20

அன்புள்ள அக்கா,

பதில் போட்டாயே, அதுவே பெரிது. பூசணிக்காய் விஷயத்தை மேத்தினியிடம் சொல்லிவிட்டேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அப்பாவின் படகைப் பற்றி எல்லாம் கேட்டாள். நல்ல பெண்.

படகு மெக்கானிக் உதாரணத்தைப் பற்றி நீ சொன்னது நியாயம். கேட்டிருக்கலாம். அடுத்த பதிப்பில் யோசிக்கிறேன்.

நீ கேட்ட கடிதம் பற்றி. பிப்ரவரியில் அப்படி எதுவும் என் கைக்கு வந்ததாக நினைவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கடிதங்களைக் கட்டுக் கட்டாகப் போட்டுவைப்பார்கள், பாதி வேறு துறைக்குப் போய்விடும். அந்த மாதம் எங்களுக்குத் தேர்வு வேலை வேறு. ஊரில் தபால்காரரும் புதியவர் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதில் என்ன எழுதியிருந்தாய் என்று சொன்னால் தேடிப் பார்க்கிறேன்.

வணக்க நிகழ்ச்சிக்கு வெள்ளை அல்லது கறுப்பு உடை. இரவு ரயிலில் ஏறினால் காலையில் வந்துவிடலாம். நிலையத்துக்கு நான் வருகிறேன். முன்வரிசையில் உனக்கு நாற்காலி போட்டிருக்கிறது, பெயர் எழுதி ஒட்டியும் விட்டார்கள்.

கோப்


தபான்ஹின்
மே 25

கோப்,

ஒரு வார்த்தை கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதினாய். தவளை தன் வாயால் கெடும் என்பது அப்பாவுக்குத் தெரிந்துதான் உனக்குக் கோப் என்று தவளையின் பெயரையே வைத்தார் போலிருக்கிறது.

நான் சாதாரணத் தபாலில் அனுப்பவில்லை. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அந்த அட்டை திரும்பி வந்துவிட்டது. பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிப்ரவரி 21. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து: உன்னுடையது. சின்ன வயதில் உன் சட்டையில் நான்தான் பெயர் தைத்தேன், உன் எழுத்து எனக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறாயே. உனக்கு மறந்துபோயிருந்தால் சொல்கிறேன். "என் உடலைக் கல்லூரிக்குத் தருவதாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என்னை ஊரில் எரித்து என் மனைவிக்குப் பக்கத்தில் வைக்கவும். சவெங்." கீழே அவர் கையெழுத்து. கூடவே தான அட்டையும் வைத்து அனுப்பினேன்.

அப்பா இறந்தது மார்ச் 9. பதினாறு நாள் அந்தக் கடிதம் உன் மேசையில் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வண்டியோடு வந்து, பிக்குகளை எழுப்பி, அப்பாவைத் தூக்கிப் போனாய். ஒப்புகை அட்டை அப்போதே என் கையில் இருந்தது. ஊர் முன்னால் உன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் முட்டாள்தனம்.

உன் புத்தகம், முப்பத்து மூன்றாம் பக்கம்: "சம்மதம் தந்தவர் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல் அதைத் திரும்பப் பெறலாம். பெற்றவர் அதற்குக் கட்டுப்பட்டவர்." நீ எழுதியது. பொறியாளனுக்கும் பத்திரிகைக்காரனுக்கும் மருத்துவனுக்கும் சட்டம் போட்டாயே, அது ஊருக்குத்தானா?

பத்தாம் தேதிக்கு முன்னால் அப்பாவை மேசையிலிருந்து இறக்கு. இல்லாவிட்டால் நீ போட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அந்த ஆறு பிள்ளைகளும் மண்டியிடும்போது எழுந்து நின்று அட்டையைக் காட்டுவேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

லம்துவன்


பாங்காக்
மே 30

அக்கா,

சரி. வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பொய் சொன்னேன்.

ஆனால் நீ பாதிக் கதையைத்தான் சொல்கிறாய். மீதியை நான் சொல்லட்டுமா?

உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பு அப்பா ஐஸ் கடையிலிருந்து எனக்குத் தொலைபேசி செய்தார். அது உனக்குத் தெரியாது. மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "உங்கக்கா பதினோரு நாளா அழறாடா. சோறு போடும்போது அழறா, மருந்து குடுக்கும்போது அழறா. அடுத்த பொறவியில நீ கண்ணு இல்லாமப் பொறப்பேங்கிறா, ஈரல் இல்லாமப் பொறப்பேங்கிறா. என்னால முடியலடா. ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். உனக்கு வரும்" என்றார்.

கேட்டாயா? படுக்கையில் கிடக்கும் மனிதரை, எழுந்து ஓட முடியாதவரை, பதினோரு நாள் பயமுறுத்தி வாங்கிய கையெழுத்து அது. கடிதம் முழுக்க உன் எழுத்து. 'திரும்பப் பெறுகிறேன்' என்று அப்பா வாழ்க்கையில் ஒருநாளாவது பேசியிருப்பாரா? அது அப்பா எழுதிய கடிதமே இல்லை. நீ எழுதியது.

முப்பத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தாயே, அடுத்த தாளைத் திருப்பினாயா? "அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்ட சொல், சம்மதமும் ஆகாது, மறுப்பும் ஆகாது." முப்பத்தைந்தாம் பக்கம்.

ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் இங்கே வந்து, தன் காலால் நடந்து போய், தன் கையால் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "எஞ்சினைத் திறந்து பார்க்காமப் படிச்சவன் கையில படகைக் குடுப்பியா?" என்று கேட்டார். அதுதான் அப்பா. நான் அந்த அப்பாவின் சொல்லைக் காப்பாற்றினேன்.

பத்தாம் தேதி வணக்கம் நடக்கும். நீ அட்டையைக் காட்டுவதாக இருந்தால் காட்டு. நான் முப்பத்தைந்தாம் பக்கத்தைக் காட்டுகிறேன்.

கோப்


பாங்காக்
ஜூன் 4

அக்கா,

போன கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு ஐந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அதைப் படித்திருப்பாய். திரும்ப வாங்க முடியாது.

நேற்று வகுப்பில் சம்மதம் பற்றிய பாடம். வழக்கம்போல முப்பத்து மூன்றாம் பக்கத்தை நானே உரக்கப் படித்தேன். மேத்தினி கையைத் தூக்கினாள். "சார், எங்க பேராசான் உங்க அப்பாதானே. கடைசி நாள்ல அவர் என்ன சொன்னார் சார்? நாங்க அனுமதி கேக்கும்போது அவர் சரின்னு சொல்லுவார்னு எங்களுக்குத் தெரியணும்" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.  புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தத் தொலைபேசிப் பேச்சு நான் எழுதிய இடத்தோடு முடியவில்லை. அப்பா கடைசியாக, "என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். "தெரியும்பா" என்றேன். வைத்துவிட்டார்.

எனக்கு என்ன தெரியும்? அக்கா பேச்சைக் கேள் என்று சொன்னாரா, அந்தக் காகிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொன்னாரா? "அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பிடிக்காத பதில் வந்துவிடுமோ என்று விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகும் பத்தொன்பது நாள் இருந்தது. ரயில் ஏறியிருந்தால் ஆறு மணி நேரத்தில் அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். தேர்வு வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு போட்ட அந்தக் கையெழுத்தைப் பற்றியும் இப்போது சந்தேகம் வருகிறது. தன் காலால் நடந்துதான் போனார். ஆனால் கூட யார் இருந்தது? நான், என்னோடு வேலை செய்யும் நான்கு பேர். "எங்கப்பா ரொம்ப முற்போக்கு" என்று அவர்கள் முன்னால் நானே பெருமையடித்தேன். இஸ்திரி போட்ட ஒரே சட்டையில் நின்றிருந்தவர் என்னைத் தலைகுனிய வைப்பாரா?

இன்று காலை உடற்கூறு துறைத் தலைவி டாக்டர் ஓரபின் அம்மாவிடம் போய் அந்தப் பிப்ரவரிக் கடிதத்தைக் கொடுத்தேன். மறைத்து வைத்திருந்ததாகச் சொன்னேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இன்றிலிருந்து அறவியல் வகுப்பு எனக்கில்லை. வேலை இருக்குமா என்று அடுத்த மாதம் சொல்வார்கள்.

அப்பாவை ஊருக்கே கொண்டுபோய்விடு. கடைசியாகச் சொன்ன சொல் வேண்டாம் என்பது. அது எப்படி வந்திருந்தாலும், சந்தேகம் இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது. திரும்பப் பெறும் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் இருவரும் போட வேண்டும். உன் இடம் காலியாக இருக்கிறது.

நீ சொன்னது சரி. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கோப்


தபான்ஹின்
ஜூன் 4

கோப்,

உன் மே 30 கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டிப் படித்தேன். அப்பா ஐஸ் கடைக்கு நடந்து போனாரா? வாசலைத் தாண்டவே முடியாதவர். அன்று நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது செருப்பெல்லாம் சேறாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "ஆத்தைப் பார்க்கப் போனேன்" என்றார். நான் திட்டினேன்.

நீ எழுதியது உண்மை. பதினோரு நாள்தான். எண்ணிக்கூட வைத்திருந்திருக்கிறார்.

எனக்குப் பயம், கோப். நீ படித்தவன், உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். குறையோடு போகிறவர் அடுத்த பிறவியில் குறையோடு வருவார் என்று சந்தையில் ஒருத்தி சொன்னாள், அது மனதில் ஒட்டிக்கொண்டது. படகு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தே பழுது சொன்ன கை. அந்த விரல்கள் இல்லாமல் அவர் பிறந்தால்? தூங்கும்போதெல்லாம் அதுதான் கண்முன் வந்தது. என் பயத்தைக் கொண்டுபோய் அவர் தட்டில் போட்டேன்.

அன்று கடிதத்தை நான் எழுதி முடித்துப் பேனாவை அவர் கையில் திணித்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு நிம்மதின்னா சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "இப்பவாவது அழாம இரு, பூசணிக்காய் வெக்கிறியா?" என்றார். நான் சந்தோஷமாகப் பூசணிக்காய் வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவருக்கு என்ன நிம்மதி என்று நான் கேட்கவே இல்லை.

எனக்கு அது முன்பே தெரியும். உன் வண்டி வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டது உன் மானத்துக்காக இல்லை. அட்டையை எடுத்து நீட்டினால், "அப்பாவா சொன்னார், நீ சொல்ல வெச்சியா?" என்று நீ எல்லார் முன்னாலும் கேட்பாயே என்றுதான். அந்தப் பயத்தைப் பதினான்கு மாதம் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதனால் அப்பா அங்கேயே இருக்கட்டும். நான் வந்து சத்தம் போடமாட்டேன். ஒப்புகை அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். எரித்துவிடு. அந்தப் பிள்ளைகள் மாலை போடட்டும். அம்மாவிடம் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

லம்துவன்


பாங்காக்
ஜூன் 7

அக்கா,

நீ அவரை விட்டுக்கொடுத்து எழுதிய அதே நாளில் நானும் விட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறேன். இரண்டு கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

அட்டையை எரிக்கவில்லை. நீ இப்போது எழுதிய கடிதத்தையும் அட்டையையும் டாக்டர் ஓரபின் அம்மாவிடம் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். இதற்கு மட்டும் நேரமில்லை என்பது பொய்யில்லை.

அவர் அப்பாவின் இரண்டு கையெழுத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இது மகனுக்காகப் போட்டது. இது மகளுக்காகப் போட்டது. அவருக்காக அவர் போட்டது எங்கே?" என்று கேட்டார்.  எந்தப் புத்தகத்திலும் நான் எழுதாத வரி அது.

முடிவை அவரே சொல்லிவிட்டார். அவர் விருப்பம் என்னவென்று தெரியாதபோது அவரை யாரும் தொடக் கூடாது. ஏழாம் மேசை இந்த ஆண்டு காலி. ஆறு மாணவர்களும் வேறு மேசைகளுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போவார்கள். "நெருக்கிக்கிட்டு நின்னு படிக்கட்டும், பரவாயில்ல" என்றார்.

பத்தாம் தேதி வா. வணக்கத்துக்கு இல்லை. அப்பாவை நாம் இருவரும் சேர்ந்து ஊருக்குக் கொண்டுபோவோம். படிவத்தில் உன் கையெழுத்து அங்கேயே போட்டுக்கொள்ளலாம். யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

கோப்


தபான்ஹின்
ஜூலை 2

கோப்,

நீ பாங்காக் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன்.

ஏழு நாளும் ஓதல் வைத்தோம். அம்மாவுக்குப் பக்கத்து மாடம் நிறைந்துவிட்டது. நான் பதினான்கு மாதமாகக் கேட்டது எல்லாம் நடந்துவிட்டது. ஆனாலும் மாடத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது நிம்மதி வரவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்தோமா, நான் கேட்டதை எடுத்துக்கொண்டேனா என்று சாகும்வரை எனக்குத் தெரியாது. அது நான் செய்ததற்குக் கூலி. உனக்கும்தான்.

அந்த ஆறு பிள்ளைகளும் எரியூட்டலுக்கு ரயிலேறி வந்தார்களே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்கு இனி அப்பாவால் என்ன லாபம்? மேத்தினி ஒரு பாத்திரம் நிறையத் தேங்காய்ப்பால் பூசணிக்காயைச் சமைத்து மடியில் வைத்துக்கொண்டே ஆறு மணி நேரம் வந்திருக்கிறாள். பாதி சிந்திவிட்டது. சிதையில் சந்தன மலர் வைக்கும்போது, "பேராசானே, உங்களைக் கேக்காம உங்க பேரைப் பலகையில எழுதிட்டோம், மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வராத வார்த்தை.

அவர்கள் வெள்ளைக் கோட்டில் பெயர் தைத்த லட்சணத்தைப் பார்த்தாயா? நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிறது. கழற்றச் சொல்லி ஆறு கோட்டிலும் நானே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது அந்தப் பையன் ஒருவன் சொன்னான்: "அஞ்சாம் மேசையில எட்டுப் பேர் நிக்கிறோம் அக்கா. எனக்குத் தோள் இடுக்குலதான் தெரியும்." குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான். எனக்குத்தான் ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஆறு பிள்ளைகளின் ஆசிரியரை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், கோப்.

நேற்று மத்தியானம் கடையைப் பூட்டினேன். மேத்தினியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த தானப் படிவத்தை எடுத்தேன். கண் இல்லாமல் பிறப்பேனோ என்ற பயம் போகவில்லை. இப்போதும் இருக்கிறது. பயத்தோடுதான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். யாரும் அழவில்லை, யாரும் பெருமையடிக்கவில்லை, பேனாவை யாரும் கையில் திணிக்கவில்லை. என் பெயரை எழுதினேன்.

இத்துடன் அதை அனுப்புகிறேன். பதிவுத் தபாலில்தான். அட்டை திரும்பி வரும், ஜாக்கிரதை.

ஒரு நிபந்தனை. ஒவ்வொரு சொங்கிரானுக்கும் என் கையில் நீர் ஊற்ற வருவாய் அல்லவா? அப்போது என்னிடம் கேட்க வேண்டும். "அக்கா, உனக்கு என்ன வேணும்? இன்னும் சம்மதமா?" இதே வார்த்தையில். தொலைபேசியில் கேட்கக் கூடாது. என் பதிலைக் கேட்க உனக்குப் பயமாக இருக்கும் வருடத்தில் கட்டாயம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் படிவத்தை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை போனாலும் சரி, புத்தகம் எழுதினாலும் சரி, இதற்கு விடுமுறை கிடையாது.

இந்த வருடத்துக்கு என் பதில், சம்மதம். அடுத்த வருடத்துப் பதில் எனக்கே தெரியாது. நீ வந்து கேள்.

உன் அக்கா,
லம்துவன்